இரண்டு ஊர் வரைபடம்

சேந்தனூரும் பூவிளங்குடியும் இனி ஒரே வரைபடத்தில் சாலையும் நிலமும் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, எப்படியும் பொதுப் பேருந்து நிலையத்தை வாங்கிவிடுவது என்று சேந்தனூர் நகராட்சித் தலைவி சுகிர்தா தீர்மானித்தாள். ரயில் நிலையமும் கல்லூரியும் ஏற்கெனவே பூவிளங்குடிக்குப் போயிருந்தன. நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும். கூட்டத்தில் நகரமைப்பு அதிகாரி பிலவேந்திரன் இரண்டு ஊருக்கும் நடுவில் பேருந்து நிலையத்துக்குப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டார். "பஸ் ஸ்டாண்டை எங்க பக்கம் தள்ளுங்க சார்" என்றாள் சுகிர்தா. பூவிளங்குடித் தலைவி தெய்வானை, "தாராளமா தள்ளுங்க" என்று சிரித்தாள். சுகிர்தா புறவழிச்சாலையைக் கேட்டாள். அதற்கும் அதே சிரிப்பு. குப்பைக் கிடங்கைப் பூவிளங்குடிக்கே கொடுத்தாள். "எங்கயாவது வந்துதானே ஆகணும்" என்றாள் தெய்வானை. அதிகாரியின் ரப்பர் தேய்ந்துகொண்டே வந்தது, சுகிர்தாவுக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவையும் விட்டுக்கொடுக்கிறவளிடம் இதைவிடப் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று மனம் அரித்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவள் மறுபடி மூடினாள். "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. எதைக் கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்க?" தெய்வானையின் சிரிப்பு நின்றுவிட்டது. வரைபடத்தின் ஓரத்தில் ஊன்றியிருந்த அவள் உள்ளங்கை சற்று அகலமாக விரிந்தது. "சார், அந்தக் கைக்கு அடியில என்ன இருக்கு?" என்றபடி சுகிர்தா நாற்காலியை விட்டு எழுந்தாள்.