நடு ஏரியில் சந்திரகலா

“துடுப்ப அந்தப் பக்கம் போடு சந்திரா! அந்தப் பக்கம்!”

கோதண்டராமன் ஏரிக்கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். நடு ஏரியில், பேடில் போர்டு என்கிற அந்த நீளப் பலகையின் மேல், அவர் மனைவி சந்திரகலா அசையாமல் இருந்தாள். மாட்டிக்கொண்டாள், வேறென்ன!

அவள் முகம் எப்படி இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. காலையில் அதே பலகையில் பந்தாவாக ஏறி நின்று, நின்ற வேகத்தில் குப்புற விழுந்ததில் அவருடைய மூக்குக்கண்ணாடி ஏரிக்குள் போய்விட்டது. தூரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அது அவள் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும்.

“அருள்ராஜ், அவ என்னய்யா பண்றா? அழுவறாளா?”

“கால நீட்டி ஒக்காந்துனு இருக்காங்க சார்,” என்றான் போர்டு ஓட்டக் கற்றுத்தரும் அருள்ராஜ்.

“பயத்துல ஒக்காந்துட்டா! திருப்பத் தெரியாம முழிக்கிறா!”

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பயணமே அவளுக்காகத்தான். போன மாதம் கலெக்டர் ஆபீசில் சால்வையும் மாலையும் போட்டு அவரை வழியனுப்பினார்கள். இனி வாடகைக் கேரவனில் இரண்டு பேரும் ஊர் ஊராகச் சுற்றுவது என்று மறுநாளே முடிவு செய்துவிட்டார்.

இந்தப் பௌர்ணமிக்காவது வீட்டில் இருக்க வேண்டாம் என்று சந்திரகலா கெஞ்சிக் கேட்டிருந்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வரும் சொந்தபந்தம் எல்லாம் மலையடியில் இருக்கும் அவர்களுடைய வேங்கிக்கால் வீட்டில்தான் வந்து காலை நீட்டும். அன்றைக்கு அவள் அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்ததே கிடையாது. மலையைக்கூட சமையலறை ஜன்னல் வழியாகத்தான் கும்பிடுவாள்.

“வேனுக்குள்ளயே அடுப்பு, ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் இருக்கு பாரு. நீ எதுக்கும் அலையவே வேணாம்!” என்று கேரவனைத் திறந்து காட்டினார் கோதண்டராமன். அவள் அந்த அடுப்பையே ஒரு பார்வை பார்த்தாள். இவ்வளவு செய்தும் முகத்தில் ஒரு சந்தோஷம் இல்லையே என்று அவருக்கு அப்போதே மனத்தாங்கல்.

இன்று காலை சித்தப்பா மகன் பலராமன் போன் செய்தான்.

“அண்ணே, மலை சுத்தி முடிச்சிட்டோம். வீடு பூட்டிக் கெடக்குதே?”

“நேரா ஏரிக்கு வந்துடுங்கடா! நீ கேரவன பாத்திருக்கியா? மத்தியானம் அண்ணி கையால இங்கதான் சாப்பாடு!”

போனை வைத்துவிட்டு, “கொழம்பு கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சிடு சந்திரா, பலராமன் எல்லாரையும் கூட்டினு வரான்,” என்றார். அவள் தேய்த்துக்கொண்டிருந்த தோசைக்கல்லை அப்படியே கீழே வைத்தாள். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு, “நானும் ஒரு தடவ அந்தப் பலகையில ஏறிப் பாக்கறேன்,” என்றாள்.

நிற்கக் கற்றுத்தர வந்த அருள்ராஜிடம், “நிக்கறது கெடக்கட்டும் தம்பி. திருப்பறது எப்பிடி, அத மொதல்ல சொல்லு,” என்று கேட்டாள். முட்டி போட்டபடி கரையோரமாக இரண்டு மூன்று வட்டம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். கரையோரத்தில் கற்றதெல்லாம் ஆழத்தைப் பார்த்ததும் மறந்துபோயிருக்கும் என்று இப்போது பல்லைக் கடித்தார் கோதண்டராமன்.

அவள் போனுக்கு அடித்தார். அது கேரவனுக்குள் மணியடித்தது. உள்ளே போய்ப் பார்த்தால், அடுப்பு பக்கத்தில் போன் மட்டும் தனியாகக் கிடந்தது. அரிசிகூட இன்னும் களையவில்லை.

சரி, அரிசியையாவது ஊறவைக்கலாம் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். ஒன்றில் தட்டுகள், ஒன்றில் போர்வைகள், ஒன்றில் அவருடைய சால்வை. அரிசியை மட்டும் காணோம். கடைசிக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு மறுபடி கரைக்கு ஓடிவந்தார்.

“சந்திரா! அரிசிய எங்க வெச்ச? அவங்க வர நேரமாச்சி! சீக்கிரம் வா!”

சிவப்பு ஜாக்கெட் ஆடவும் இல்லை, அசையவும் இல்லை. அவளுக்கு நீச்சல் வேறு தெரியாது. அருள்ராஜ் பக்கம் திரும்பினார்.

“நின்னுனு வேடிக்க பாக்கறியே, போய் கூட்டினு வாய்யா!”

அருள்ராஜ் இன்னொரு போர்டில் ஏறிப் போனான். அங்கே ஏதோ பேச்சு நடந்தது. சிரிப்புச் சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு, அருள்ராஜ் மட்டும் தனியாகக் கரைக்குத் திரும்பி வந்தான்.

“என்னய்யா, அவள அங்கயே வுட்டுட்டு வந்து நிக்கிற?”

“அரிசி மேல் தட்டுல, போர்வைக்குப் பின்னாடி இருக்காம் சார். புளி சின்ன டப்பாவுலயாம்.”

“அத ஏன்யா எங்கிட்ட சொல்ற?”

அதற்குள் கேரவனுக்குப் பின்னால் ஆட்டோக்கள் வந்து நின்றன. “அண்ணி, பசி உயிர் போவுது!” என்று பலராமனின் குரல் கேட்டது. அருள்ராஜ் தலையைச் சொறிந்தான்.

“உங்களுக்குப் போன மாசம் ரிட்டையர்மென்ட்டாம் சார். அம்மாவுக்கு இன்னிக்கியாம்.”