அசையாத முள்

"இதுவும் போச்சு" என்றான் ஆராய்ச்சியாளன்.

வெளிச்சத்தை மின்சாரமாக்க வேண்டிய கண்ணாடிச் சில்லு, சாயம் தோய்ந்து விளக்கின் அடியில் கிடந்தது. மீட்டரின் முள் அசையவே இல்லை.

ஆய்வறையைக் காலி செய்ய அன்றுதான் கெடு. கூடமாட உதவ மனைவி வந்திருந்தாள்.

"அப்படி என்னதாங்க தகராறு?"

"எல்லாம் இந்தக் கண்ணாடி மேல பூசற வெள்ளைப் பூச்சுல இருக்கற துளைதான். பெரிசானா சாயம் போதுமான அளவு ஒட்டாது. சின்னதானா கரண்டைக் கடத்தற திரவம் உள்ளே போகாது. வருஷம் பூரா மாத்தி மாத்திச் சுட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணுலகூடத் துளி கரண்ட் இல்ல."

"போன வருஷம் கொஞ்சமாவது வந்துச்சே?"

"அதை நல்லாக்கப் போய்த்தான் எல்லாம் கெட்டுச்சு."

சில்லுகளை எல்லாம் வாளியில் கொட்டி, ஆத்திரம் தீரச் சுத்தியலால் நொறுக்கினான். செய்முறை எழுதிய தாள்களையும் கிழித்துப் போட்டான். குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது.

மனைவி சுவர்க் கடிகாரத்தை இறக்கி, பேட்டரியைக் கழற்றி நீட்டினாள்.

"பாப்பா பொம்மைக்கு ஆகுமா, பாருங்க."

மீட்டரின் ஒயர்களைப் பேட்டரியின் இரு முனையிலும் வைத்தான். முள் அசையவில்லை.

"செத்த பேட்டரி. தூக்கிப் போடு."

"செத்ததா?" அவள் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்ப நான் கழட்டற வரைக்கும் ஓடிட்டுத்தானேங்க இருந்துச்சு?"