ஏழாம் நம்பர் குப்பி

"நாளைக்குக் காலைல கன்னம் சார் வரார்" என்று கணவர் சொன்னதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கன்னம் சார் என்பது பட்டப்பெயர். கணவரைப் போலவே அவரும் பழைய சீனத்துப் பொடிக்குப்பிகளைச் சேர்ப்பவர். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் மூக்குப்பொடி வைத்துக்கொண்ட, உள்ளங்கையில் அடங்கிவிடும் குப்பிகள். முழுக் கல்லைக் குடைந்து செய்தவை.

எந்தக் குப்பியைக் கொடுத்தாலும் மனிதர் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கல் என்றால் ஜில்லென்று இருந்துகொண்டே இருக்கும். கண்ணாடி என்றால் சீக்கிரமே உடம்புச் சூடு ஏறிவிடும்.

"லென்ஸை ஏமாத்தலாம், என் கன்னத்தை ஏமாத்த முடியாது" என்பார். போலி என்று தெரிந்தால் குப்பி சேர்ப்பவர்கள் சங்கம் முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

கணவரிடம் இருபத்து மூன்று குப்பிகள். அதில் ஏழாம் நம்பர் அவருடைய உயிர். தண்ணீரில் பச்சைப் பாசி மிதப்பது போன்ற கல்.

அந்த உயிரைத்தான் நாலு வருஷத்துக்கு முன்பு தூசி தட்டும்போது அவள் கீழே போட்டு உடைத்தாள். அவர் வெளியூரிலிருந்து திரும்புவதற்குள் கண்ணாடிப் பட்டறைக்கு ஓடினாள். துண்டுகளைக் காட்டி, அச்சு அசலாக ஒன்று செய்து வாங்கி, அதே மரப்பீடத்தில் வைத்துவிட்டாள். மூடி மட்டும் பழையது.

அவர் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைத் துடைத்துக் கன்னத்தில் வைத்து, "என்ன குளிர்ச்சி பாரு" என்பார். பெரிய நிபுணர்தான் என்று அவளுக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

பொழுதும் விடிந்துவிட்டது. இன்றைக்கு அவர் மானம் கப்பலேறப் போகிறது. அதுவும் தன்னால்.

கன்னம் சார் வந்து உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கன்னத்தில் வைத்தார். "அசல்... இதுவும் அசல்... ம்ம், அசல்."

ஆறு முடிந்தது. அப்போதுதான் அவள் கவனித்தாள். அலமாரியில் ஏழாம் நம்பர் இருந்த இடம் காலி.

"ஏழு எங்கய்யா?"

"உள்ள பத்திரமா வெச்சிருக்கேன். எடுத்துட்டு, அப்படியே உங்களுக்குத் தண்ணியும் கொண்டு வரேன்."

"நான் போறேங்க" என்று எழுந்தாள். முப்பது வருஷத்தில் தனக்கென்று ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காத மனிதர்.

"நீ உக்காரு" என்று சமையலறைக்குப் போனார்.

ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் குப்பி. கைக்குட்டையால் அதை அழுத்தித் துடைத்தபடியே வந்தார்.

கன்னம் சார் வாங்கிக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பத்து வந்தது.

"அப்பா, பல்லே கூசுது. இப்படி ஒரு கல்லை நான் பார்த்ததே இல்லய்யா. எப்படி இவ்வளவு நாளா ஒரு கீறல்கூட இல்லாம வெச்சிருக்கே?"

"எல்லாம் இவ கைவண்ணம்" என்று கணவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அவளுக்குத் தலைசுற்றியது. ஆக, டுபாக்கூர் நிபுணர் ஒருத்தர் இல்லை, இரண்டு பேர். இந்தக் கன்னத்துக்குப் பயந்தா நேற்று முழுக்கப் பட்டினி கிடந்தோம் என்று எரிச்சலாக வந்தது.

விருந்தாளி போனதும் மனசு கேட்கவில்லை. எத்தனை நாள்தான் மறைப்பது?

"ஏங்க, அந்த ஏழாம் நம்பர்..."

"அதுக்கென்ன? நல்லாத்தானே இருக்கு" என்று அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சரி, தப்பித்தோம். காலையிலிருந்து வறண்டு கிடந்த தொண்டைக்குக் கொஞ்சம் ஐஸ் தண்ணீர் குடிக்கலாம் என்று ஃப்ரீஸரைத் திறந்தாள்.

ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில், அவர் கையெழுத்தில் '7' என்று எழுதி ஒட்டிய சின்ன மரப்பீடம், குப்பி இல்லாமல் விறைத்துப்போய் நின்றது.