தொட்டியில் என்ன தெரியுது?

"கண்ணு தெரியாதவனுக்கு எதுக்கும்மா மீன் தொட்டி? கரண்டுக்குக் கேடு."

காப்பாரிலிருந்து தம்பியைப் பார்க்கக் கிள்ளானுக்கு வந்த தனலெட்சுமி, செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள். தம்பி மனைவி குமுதா அவளை உள்ளே அழைத்துப் போனாள்.

இனிப்பு நீர் நோய் தம்பி சிவநேசனின் பார்வையைப் பறித்து ஒரு வருஷமாகிறது. ஆனாலும் அந்தக் கடல்நீர்த் தொட்டியின் முன்னால்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பவளக் கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் கடுகளவு உயிர்களைத் தேடிப் பிடித்துப் பேர் சொல்வது அவனுடைய பல வருஷப் பைத்தியம்.

"குமுதா, இன்னிக்கு என்ன தெரியுது?"

அவள் பூதக்கண்ணாடியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கல்லு இடுக்குல ஒண்ணு ஓடுதுங்க. பாதி அரிசி அளவுதான். இறால் மாதிரி முதுகு வளைஞ்சிருக்கு."

"ஒருக்களிச்சு ஓடுதா?"

"ஆமா."

"அப்ப ஆம்ஃபிபாட். நல்லதுதான், அழுக்கத் தின்னும். வேற?"

"கண்ணாடியில ஒரு குட்டி நட்சத்திர மீன். விரல் நகம்கூட இல்ல. ஒரு கை மட்டும் குட்டையா இருக்கு."

"ஆஸ்டெரினா. தானே ரெண்டாப் பிஞ்சு பெருகும். பிஞ்ச கை இப்பதான் வளருது." சொல்லும்போது அவன் முகம் மலர்ந்தது.

தனலெட்சுமியும் குனிந்து பார்த்தாள்.

ஒன்றும் ஓடவில்லை. ஒன்றும் ஊரவில்லை. வெளுத்த கல்லும் தெளிந்த தண்ணீரும்தான்.

குமுதா கண் கலங்க, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

சமையலறைக்குள் வந்ததும் மெதுவாகச் சொன்னாள். "எல்லாம் செத்துப் போச்சு அண்ணி. போன மாசம் அவர ஆஸ்பத்திரியில சேர்த்த மூணு நாளும் நான் வீட்டுப் பக்கமே வரல. இங்க கரண்ட் டிரிப்பாகி மோட்டார் நின்னுருச்சு. கழுவிட்டுப் பைப்புத் தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். பழைய போட்டோவப் பார்த்துத்தான் தினமும் சொல்றேன்."

"கண்ணில்லாதவன இப்படி ஏமாத்துறியே, பாவம் இல்லையா?"

கொஞ்ச நேரத்தில் குமுதா பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பிவிட்டாள்.

தனலெட்சுமிக்கு மனசு ஆறவில்லை. கூடப் பிறந்தவனாயிற்றே. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தம்பி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் தொட்டி..."

"தெரியும்க்கா."

அவள் தொட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடல் தண்ணிக்கு ஒரு வாசம் உண்டு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே அது இல்ல."

"பின்ன ஏன்டா தினமும் அவகிட்ட கேக்குற?"

சிவநேசன் வாசல் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டான். குமுதா போய்விட்டது உறுதியானதும் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"கேக்கறத நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குப் புரிஞ்சிடும். அந்த மூணு நாளும் என் பக்கத்துலயே இருந்தது தப்புன்னு அவ நெனச்சிடக் கூடாதுக்கா."