டர்போ எதுக்கு?

"மாரிச்செல்வம், பத்தாயிரம் அடி ஒசரத்துல மலையேற ஜீப்புக்கு எந்த இன்ஜின் நல்லதுங்க?"

பனியன் கம்பெனி முதலாளி தண்டாயுதபாணி இப்படிக் கேட்டதும் மெக்கானிக் மாரிச்செல்வம் ஸ்பானரைக் கீழே வைத்தான். ஊத்துக்குளியைத் தாண்டிப் போகவே யோசிக்கிற மனுஷர்!

"டர்போ டீசல்தான் முதலாளி. மேல போகப் போக காத்து கம்மியாயிரும். சாதா இன்ஜின் மூச்சு வாங்கி நின்னுரும். டர்போ இருந்தா காத்தை அமுக்கி உள்ள தள்ளும், இழுவை குறையாது."

"செரிங்க. விவரந் தெரியாதவன் என்னங்க சொல்லுவான்?"

மாரிச்செல்வம் சிரித்துவிட்டான். "டர்போ எதுக்கு, பெரிய இன்ஜினாப் போட்டாப் போதும்பான். எப்ப முதலாளி வண்டி எடுக்கப் போறீக?"

"வண்டியெல்லாம் எடுக்கலீங்க" என்றவர், அவன் சொன்னதை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அமெரிக்காவிலிருந்து மகன் வேல்குமாரின் போன் வந்தது.

"சாப்பிட்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? செரி, வெச்சரட்டுங்களா?"

அம்மா போனதிலிருந்து வாராவாரம் அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த வீட்டில் குரலே கேட்காது.

"இரு கண்ணு. மலையேற ஜீப்பு வாங்கோணும்னு எப்பவோ ஒருக்கா சொன்னியே, அதுக்கு டர்போ எதுக்கு? பெரிய இன்ஜினாப் போட்டாப் போதுமல்லோ?"

"ஐயோ, அப்படியில்லீங்கப்பா! மேல போனா காத்து கம்மிங்க..."

மகன் உற்சாகமாக விளக்க ஆரம்பித்தான். தண்டாயுதபாணி நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். எல்லாம் சொல்லி முடித்து அவன் மூச்சு வாங்கியபோது, அவசரமாகச் சொன்னார்:

"செரியாப் புரியல கண்ணு. இன்னொருக்கா சொல்லு."