ஒல்லி டயர்

அன்று காலை டயர் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைக்காரர், பிக்கப் வண்டிக்குச் சொந்தக்காரரான பெரியவர், அவர் மனைவி, அவர்கள் மகன், டிரைவர். ஆறாவதாக யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாக யாராவது சொன்னால், அது கேள்விப்பட்ட பேச்சு.

அது அவர்கள் ஏறி இறங்கிய மூன்றாவது கடை. பெரியவருக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. இருந்தும் அவர் நாற்காலியில் சாயவில்லை. வெளி மனிதர் முன்னால் சாய்ந்து உட்காரும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அவர் மனைவி, கடையில் அடுக்கியிருந்த பழைய டயர்கள் மேல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாரிக்காரர் மகள், டயர் மேல் உட்காருவது அவருக்குப் புதிதல்ல.

கிளம்பும்போதே தாமதம். டிரைவர் ஆறடிக்கு மேல் உயரம். திங்கட்கிழமைதோறும் செய்வதுபோல அன்றும் முன்னால் நகர்ந்திருந்த சீட்டைப் பின்னால் தள்ளி, காலை மடக்கி உள்ளே ஏறுவதற்குள் பெரியவர் இரண்டு முறை மணி பார்த்துவிட்டார்.

மகனுக்கு அகல டயர்தான் வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, நம்ம சிமெண்ட் கடைப் பெயர் எழுதிய வண்டி, தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டாமா என்றான். பெரியவருக்கும் அதில் மறுப்பில்லை. டிரைவர்தான் ஒல்லி டயரைக் காட்டினார். உயரம் அதேதான், அகலம் மட்டும் இரண்டு விரற்கடை குறைவு. தார் ரோட்டுக்கும் சேற்றுக்கும் சேர்த்து, மேல்பரப்பில் கட்டம் கட்டமாகப் பட்டன் வெட்டியது.

"யானைக்குக் கொக்குக் காலா?" என்றான் மகன்.

கடைக்காரர் டிரைவர் பக்கம் பேசினார். அகல டயர் சேற்றின் மேலேயே மிதந்து வழுக்கும், ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும் என்றார். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டி, திருப்பவும் லேசாக இருக்கும் என்று டிரைவர் சேர்த்துக்கொண்டார். சிமெண்ட் மூட்டையைத் தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று தூக்குகிறவருக்கு ஸ்டியரிங் கனக்கிறதாம் என்று மகன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

வண்டியை ஜாக்கியில் ஏற்றிய கடைக்காரர், தேய்ந்த டயரின் இடுக்கிலிருந்து ஸ்குரு டிரைவரால் ஒரு கட்டி மண்ணைக் கெல்லி எடுத்தார். ரத்தச் சிவப்பு.

"இது குவாரி மேட்டு மண்ணாச்சே. அங்க யாரு வீடு கட்டுறாங்க?"

பெரியவர் அந்தக் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். குவாரி மூடி ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு மாதமாகவே ஒரு பேச்சு அவர் காதுக்கு வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தன் ஊருக்கு பஸ் ஏறும் டிரைவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை மதியம், பெரியவர் சாப்பிட்டுப் படுத்ததும், வண்டி சத்தமில்லாமல் மேட்டுக்குப் போகிறதாம். அங்கே ஒரு பெண் இருக்கிறாளாம். அவர் நம்பவில்லை. இப்போது மண் பேசிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை வண்டி மேட்டுக்குப் போகுதா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை.

டிரைவர் தோள் துண்டில் கையைத் துடைத்தார். "போகுதுங்கய்யா."

"யாரக் கேட்டு?"

டிரைவர் தரையில் உதிர்ந்த சிவப்பு மண்ணைக் காலால் ஓரம் தள்ளினார். பெண் விவகாரத்தைக் கேட்டபோதும் மண்ணைத்தான் தள்ளினார். பதினோரு வருடம் ஒரு கீறல் படாமல் வண்டி ஓட்டியவர். அவர் சம்பளத்தை நம்பி வீட்டில் நான்கு பேர், அதில் ஒருவர் படுத்த படுக்கை. அது பெரியவருக்கும் தெரியும். ஆனால் வண்டியின் மேல் எழுதியிருந்தது அவருடைய அப்பாவின் பெயர்.

"சாவியக் குடு. நாளையிலேருந்து வர வேண்டாம்."

டிரைவர் சாவியைக் கொடுத்தார். இரண்டடி போனவர் திரும்பிக் கடைக்காரரிடம் சொன்னார்: "அண்ணே, ஒல்லி டயரே போட்டுருங்க. மழை பேஞ்சா அந்த மேட்டுல இறங்கும்போது வண்டி பக்கவாட்டுல போகும்."

"வேலையே போச்சு, இன்னும் எதுக்கு உங்களுக்கு அந்த மேடு?" என்றான் மகன்.

டிரைவர் பெரியவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். சட்டைப் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

டயர் அடுக்கின் மேலிருந்து பெரியவரின் மனைவி எழுந்தார். இரவெல்லாம் தூங்காதவர்போல மெதுவாக எழுந்தார். புடவையில் ஒட்டியிருந்த கறுப்பைத் தட்டிவிட்டு, கணவர் கையிலிருந்த சாவியை, கேட்காமல், எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவர் கையிலிருந்து அப்படி எடுத்தது அதுதான் முதல் தடவை.

"அவரக் கூப்பிடுங்க," என்றார். "அவரு சனிக்கிழமை போனா திங்கட்கிழமைதான் வர்றாரு. ஊர்ல பேசுறது பொய்."

"அப்ப வண்டி?"

"யாரும் கூப்பிடாத எடத்துல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வரலாம்னு, நான்தாங்க ஓட்டிட்டுப் போறேன்."