நெல்லா, உளுந்தா?

கமிட்டியைக் கேட்காமல் மிராசுதாரிடம் போய் அறுவடைக் கூலி பேசினார் என்று கண்ணுசாமி மீது குற்றச்சாட்டு. இருபது வருடமாகக் கட்சியைத் தவிர வேறு சொந்தம் அறியாதவர். அவரை நீக்குவதா, வேண்டாமா என்று கிளையின் ஐந்து உறுப்பினர்களும் வாக்களிக்க வேண்டும்.

"கை தூக்கச் சொன்னா, செயலாளர் மூஞ்சியைப் பார்த்துத்தான் தூக்குவோம். இந்தத் தடவை ரகசியமா நடக்கட்டும்" என்றாள் அம்சவல்லி.

"எழுதத் தெரியாதவங்க என்ன செய்வாங்க?" என்றார் செயலாளர் ஐயாவு.

"நீக்கணும்னா ஒரு நெல்லு, வேணாம்னா ஒரு உளுந்து. பானையில போட்டுட்டு வாங்க."

கண்ணுசாமி உட்பட ஐந்து பேரும் போட்டார்கள். ஐயாவு பானையைக் கவிழ்த்தார்.

மூன்று நெல். இரண்டு உளுந்து.

"நீக்கியாச்சு. ஒரு உளுந்து கண்ணுசாமியோடது. இன்னொண்ணு யாரு போட்டது?"

"நான்தான்" என்று அம்சவல்லி நிமிர்ந்தாள்.

"நானுந்தான்" என்று இன்னொரு உறுப்பினர் காத்தானும் எழுந்து நின்றார்.

ஐயாவு குழம்பிப்போய்க் கண்ணுசாமி பக்கம் திரும்பினார். "அப்ப உங்க உளுந்து எங்க தோழர்?"

கண்ணுசாமி இரண்டு உளுந்தையும் வெறித்துப் பார்த்தார்.

"எல்லாரும் நெல்லுதான் போடுவீங்கன்னு நெனச்சேன். தீர்மானம் ஏகமனதா இருக்கட்டுமேன்னு நானும் நெல்லே போட்டுட்டேன், தோழர்."